வீட்டில் பெரிய மாதிரி ரயில்பாதை அமைப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

மேசை மேல் வட்டமடிக்கும் சிறிய ரயில்பாதையில் தவறு நேர்ந்தால், ஒரு மாலைப் பொழுதில் பிரித்து மறுபடி பூட்டிவிடலாம். அறை முழுவதையும் சுற்றிவரும் பெரிய பாதையில் அது முடியாது. சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் கார்க், அதன் மேல் தண்டவாளம், அடியில் மின்கம்பி, எல்லாவற்றுக்கும் மேலே மலையும் மரமும் என்று ஒவ்வொரு வேலையும் முந்தைய வேலையை மூடிக்கொண்டே போகிறது. புதியவர்கள் பாதியில் கைவிட்ட அமைப்புகளை நான் பார்த்த வரையில், பெரும்பாலும் வேலையின் வரிசைதான் தவறியிருந்தது. கைத்திறனில் குறை இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு படியையும் தொடங்கும் முன், "இதை முடித்த பிறகு எந்த இடத்துக்கு என் கை போகாது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியிலிருந்து உருவானதுதான்.

1. முதல் பலகையை அறுப்பதற்கு முன்

அறையை முதலில் முடிக்க வேண்டும். சுவர்ப்பூச்சு, தரை, விளக்குகள், மின் இணைப்புகள் ஆகிய எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. பாதை வந்துவிட்டால் ஏணி வைக்கக்கூட இடம் இருக்காது. வீட்டு மின்சாரம் தொடர்பான வேலைகளை மின்பணியாளரிடமே கொடுத்து, அமைப்பு முழுவதையும் ஒரே சுவிட்சில் அணைக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

ஈரம்தான் பெரிய எதிரி. உலோகத் தண்டவாளம் வெப்பத்தால் நீள்வதைவிட, அடியில் உள்ள மரம் ஈரத்தை இழுத்து உப்புவதும் காய்ந்து சுருங்குவதும் அதிகத் தொல்லை தரும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும் அறையாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் தொடங்கவே வேண்டாம். வாங்கிய மரத்தையும் பிளைவுட்டையும் அதே அறையில் சில வாரங்கள் கிடத்திவைத்துப் பிறகு அறுப்பது நல்லது.

கருவிகளில் தவறவிடக்கூடாதவை ரசமட்டம், துளையிடும் இயந்திரம், வளைவாக அறுக்கும் வாள், மல்டிமீட்டர், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் கோல், தண்டவாள இடைவெளியைச் சோதிக்கும் தகடு ஆகியவை. இவற்றோடு, நீங்கள் ஓட்ட நினைக்கும் பெட்டிகளிலேயே மிக நீளமான ஒன்றையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். வளைவு, சுரங்கம், நடைமேடை எல்லாவற்றையும் சோதிக்க அந்தப் பெட்டிதான் அளவுகோல்.

2. அளவைத் தேர்ந்தெடுத்தல்

மாதிரி ரயில்களில் எச்.ஓ. என்ற அளவு 1:87, அதாவது உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு; தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. 'என்' அளவு 1:160. இடைவெளி 9 மி.மீ. உண்மையில் 26 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் சுமார் 30 செ.மீ. ஆகவும், 'என்' அளவில் சுமார் 16 செ.மீ. ஆகவும் வரும். பத்துப் பெட்டிகளும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் எச்.ஓ.வில் ரயிலே மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். அது நிற்கும் நிலையம், கடந்துபோகும் கிளைத்தடம், மறைவு யார்டு (ரயில்களைப் பார்வைக்குத் தெரியாமல் நிறுத்திவைக்கும் தடங்கள்) ஆகிய எல்லாம் அதைவிட நீளமாக இருக்க வேண்டும்.

அறை சிறியது, ஆனால் நீண்ட ரயில் ஓட வேண்டும் என்றால் 'என்' அளவு பொருந்தும். பெட்டிகளைக் கையாளுவதும், பழுது பார்ப்பதும், சொந்தமாகக் கட்டடங்கள் செய்வதும் பிடிக்கும் என்றால் எச்.ஓ. வசதியானது. இந்த வழிகாட்டியில் வரும் அளவுகள் எச்.ஓ.வுக்கானவை. 'என்' அளவுக்கு வளைவு, உயர இடைவெளி போன்றவற்றைப் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் கை எட்டும் தூரமும் நடைபாதையின் அகலமும் மாறுவதில்லை, ஏனெனில் மனித உடல் சுருங்குவதில்லை.

3. அறையை அளந்து வரைதல்

பெரும்பாலானவர்கள் முதலில் தண்டவாளத்தை வரைகிறார்கள். நான் முதலில் நடைபாதையை வரையச் சொல்கிறேன். ஒருவர் நிற்க 60 செ.மீ. போதும், இருவர் ஒருவரையொருவர் கடந்துபோக 80 முதல் 90 செ.மீ. தேவை. அதன் பிறகு மிஞ்சும் இடம்தான் ரயிலுக்கு உரியது.

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய பலகை 60 செ.மீ. அகலத்தைத் தாண்டக்கூடாது, நெருக்கடியில் 75 செ.மீ. வரை போகலாம். அதற்கு அப்பால் ஒரு பெட்டி தடம் புரண்டால், அதை எடுக்கக் குனியும் முழங்கை முன்னால் இருக்கும் மின்கம்பங்களையும் மரங்களையும் சாய்த்துவிடும். இதனால்தான் அறையின் நடுவே பெரிய மேசை போடுவதைவிட, சுவரோரமாக அலமாரி போலச் சுற்றிவந்து நடுவில் தீபகற்பமாக நீளும் வடிவம் பெரிய அமைப்புகளுக்குச் சிறந்தது.

வரைபடம் முடிந்ததும், தரையில் நிறநாடா ஒட்டி முழு அளவில் குறித்துவிடுங்கள். அதற்குள் நடந்து பாருங்கள், குனிந்து பாருங்கள், அறைக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தாளில் விசாலமாகத் தெரிந்த இடம் தரையில் நெருக்கமாக இருப்பது இந்தக் கட்டத்தில் தெரிந்தால் செலவு ஒரு நாடாச் சுருள் மட்டுமே.

கதவின் குறுக்கே பாதை போக வேண்டியிருந்தால் தூக்கும் பாலம் வைப்பார்கள். பாலம் தூக்கியிருக்கும்போது அதற்கு இரு பக்கமும் ஒரு மீட்டர் தூரத்துக்காவது தண்டவாளத்தில் மின்சாரம் நின்றுபோகும்படி ஒரு சுவிட்சை இணைப்பதை வரைபடத்திலேயே எழுதிவையுங்கள். இல்லையென்றால் என்றாவது ஒருநாள் எஞ்சின் தரையில் விழும்.

4. வளைவும் ஏற்றமும்

வரைபடத்தில் பொய் சொல்வது மிக எளிது என்பதால், இந்தப் படியில் பொறுமையாக இருக்க வேண்டும். வளைவின் ஆரத்துக்கு நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: மிக நீளமான பெட்டியின் நீளத்தைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால் ரயில் நம்பகமாக ஓடும், மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். 30 செ.மீ. பெட்டிக்கு 75 செ.மீ. ஆரம் என்று வைத்துக்கொண்டால், ரயில் முழுதாகத் திரும்பிவர ஒன்றரை மீட்டர் அகலமும், இரு ஓரங்களில் பாதுகாப்புக்கான இடமும் வேண்டும். தீபகற்பத்தின் முனை ஏன் குமிழ்போல் பெருக்கிறது என்பது இப்போது புரியும்.

இடப்பக்கம் வளைந்த பாதை உடனே வலப்பக்கம் வளைந்தால், அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்த் திசையில் விலகி, கொக்கி பெட்டியைத் தடத்திலிருந்து இழுத்துவிடும். இரண்டு வளைவுகளுக்கு இடையே ஒரு பெட்டியின் நீளத்துக்காவது நேர்ப்பாதை விடுங்கள். யார்டில் அடுத்தடுத்து வரும் பாயிண்டுகளிலும் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்புகள்) இதே சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும்.

ஏற்றம் 2 விழுக்காடு, அதாவது மீட்டருக்கு 2 செ.மீ. என்ற அளவுக்குள் இருக்கட்டும். ஒரு பாதை இன்னொன்றின் மேல் கடக்க, பாலத்தின் பருமனையும் சேர்த்துச் சுமார் 10 செ.மீ. உயரம் வேண்டும். அதற்கு 5 மீட்டர் ஏற்றமும், மறுபடி இறங்க 5 மீட்டரும் தேவைப்படும். சிறிய அறையில் இந்தப் பத்து மீட்டரைத் தேடிக் கிடைக்காமல்தான் பலர் 4, 5 விழுக்காட்டுக்குப் போய், மூன்று பெட்டிகளைக்கூட இழுக்க முடியாத ஏற்றத்தைக் கட்டுகிறார்கள்.

இரண்டு அடுக்கு அமைப்பில் சுருள் ஏற்றம் கட்டுவோர் அதே கணக்கை வட்டத்துக்குப் போட வேண்டும். 70 செ.மீ. ஆரமுள்ள சுருளின் ஒரு சுற்று சுமார் 4.4 மீட்டர், 2 விழுக்காட்டில் ஒரு சுற்றுக்கு 8.8 செ.மீ. உயரும். அதில் 12 மி.மீ. பிளைவுட் போக மீதி 7.6 செ.மீ. பெட்டியின் உயரத்துக்குச் சரியாக இருக்கும். ஆரத்தைக் குறைத்தால் உயர இடைவெளியும் குறையும், அல்லது ஏற்றம் கூடும். இரண்டில் ஒன்று நிச்சயம். வளைவின் உராய்வும் சேர்வதால், சுருளில் எஞ்சினுக்கு 2 விழுக்காடே கூடுதலாகத்தான் தெரியும்.

5. தாங்குசட்டம்

சட்டத்தை இரண்டு மீட்டருக்கு மிகாத பகுதிகளாகச் செய்து போல்ட் போட்டு இணையுங்கள். வீடு மாறும்போதோ, பழுதான பகுதியைக் கழற்றும்போதோ அது வாசல் வழியாக வெளியே போக வேண்டும். பாயிண்டுகள் எதுவும் இரண்டு பகுதிகள் சேரும் கோட்டின் மேல் வராதபடி வரைபடத்தை இங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் 1.1 முதல் 1.3 மீட்டர் வரை இருந்தால், நின்று பார்க்கும்போது ரயில் கண்ணுக்கு அருகில் வரும். அடியில் உட்கார்ந்து கம்பி இணைக்கவும் இடம் இருக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் உயரத்தைத் திருகி மாற்றும் போல்ட் வையுங்கள், ஏனெனில் முழுதும் மட்டமான தரை எந்த வீட்டிலும் இல்லை.

குறுக்குச் சட்டங்களைக் கீழிருந்து திருகுவது நல்ல பழக்கம். மேலிருந்து திருகினால், தலைப்பகுதி பலகைக்கும் பிறகு மலைக்கும் அடியில் புதைந்துவிடும். நாளை அந்தச் சட்டத்தை நகர்த்த வேண்டிவந்தால் மேலே கட்டியதை உடைக்க வேண்டும். நகர்த்த வேண்டி வரும் என்பதற்குக் காரணம் உண்டு: பாயிண்டின் மோட்டார் சரியாக அதற்கு அடியில்தான் பொருத்தப்படும், அந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். சட்டத்தைப் பொருத்தும்போதே எல்லாப் பாயிண்டுகளின் நடுப்புள்ளியையும் பென்சிலால் குறித்துவைத்தால் இந்தத் தொல்லை வராது.

6. பாதைப் பலகையும் கார்க்கும்

சட்டம் முழுவதையும் பலகையால் மூடத் தேவையில்லை. யார்டுக்கும் ஊருக்கும் முழுப்பலகை போட்டு, மற்ற இடங்களில் பாதையின் அகலத்துக்கு மட்டும் 12 மி.மீ. பிளைவுட்டை நாடாபோல் அறுத்து, தாங்கு கட்டைகளின் மேல் நிறுத்தினால் பள்ளத்தாக்கும் ஆறும் பாதைக்குக் கீழே இயல்பாக அமையும். பிளைவுட் நாடா தானே மெல்ல வளைவதால், சமதளத்திலிருந்து ஏற்றம் தொடங்கும் இடமும் முறிவில்லாமல் வரும். தாங்கு கட்டைகளை 40 செ.மீ. இடைவெளியில் வைத்தால் பலகை தொய்யாது.

அதன் மேல் பாதையின் நடுக்கோட்டை வரைந்து, 5 மி.மீ. கார்க் பட்டையை வெள்ளைப் பசையால் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு மரத்துண்டில் சுற்றிய மணல்தாளால் லேசாகத் தேயுங்கள். கார்க்கில் மீந்த ஒரு சிறு மேடும் தண்டவாளத்தில் அப்படியே தெரியும்.

7. தண்டவாளம் பதித்தல்

பாயிண்டுகளை முதலில் பொருத்தி, அவற்றை இணைக்கும் பாதைகளைப் பிறகு போட வேண்டும். பாயிண்டை வளைத்துப் பொருத்த முடியாது. வளையும் தண்டவாளத்தை எந்த நீளத்துக்கும் அறுத்துக்கொள்ளலாம். பாயிண்டின் அசையும் பகுதிக்கு அடியில் பசை ஒரு துளியும் போகக்கூடாது. மோட்டாரின் கம்பி மேலே வரவேண்டிய துளையைத் தண்டவாளம் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

வளைவில் வரும் இணைப்புதான் தடம் புரள்வதற்கு முதல் காரணம். இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக வளைத்து இணைத்தால், முனைகள் நேராக நிமிர முயன்று இணைப்பில் ஒரு கோணம் உண்டாகும். அதற்குப் பதில், இரண்டு துண்டுகளையும் மேசையின் மேல் நேராக வைத்து, இணைப்புத் தகட்டில் சால்டர் பாய்ச்சி ஒரே நீளமாக்கி, ஆறிய பிறகு வளைத்துப் பதியுங்கள். இரண்டு தண்டவாளங்களில் கட்டைகளின் மேல் தளர்வாக நகரும் தண்டவாளம் வளைவின் உட்புறம் இருக்கட்டும். வளைக்கும்போது வெளியே நீளும் மிச்சத்தை அறுத்துவிடலாம்.

நேர்ப்பாதைகளில் மாறாகச் செய்ய வேண்டும். அங்கே இணைப்புகளைச் சால்டர் செய்யாமல், ஒரு தடித்த தாள் நுழையும் அளவு இடைவெளி விட்டுப் பதித்தால், மரம் சுருங்கும்போது தண்டவாளம் பக்கவாட்டில் புடைக்காமல் அந்த இடைவெளி ஏற்றுக்கொள்ளும்.

பதித்த உடனே இரண்டு சோதனைகள் செய்யுங்கள். விரல்நகத்தைத் தண்டவாளத்தின் மேலும் உள்விளிம்பிலும் வைத்து, இணைப்பின் குறுக்கே மெல்ல இழுங்கள்; நகம் தட்டினால் சக்கரமும் தட்டும், ஆகவே நுண்அரத்தால் அந்த விளிம்பைத் தேய்த்துச் சாய்த்துவிடுங்கள். அடுத்து, கன்னத்தைப் பலகையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்டவாளத்தின் நீளவாட்டில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும் வளைவில், அந்தக் கோணத்தில் ஒரு முறிவு பளிச்சென்று தெரியும். பசை காய்வதற்கு முன்பு பார்த்தால், விரலால் தள்ளியே சரிசெய்துவிடலாம்.

8. மின்சாரம்

தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பி மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. அவை சில மாதங்களில் தளர்ந்துவிடும், களிம்பேறும். அமைப்பின் அடியில் இரண்டு தடித்த முதன்மைக் கம்பிகளை நீளவாட்டில் ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய கிளைக் கம்பியை அதில் இணையுங்கள். சிவப்பு எப்போதும் சுவர்ப்பக்கத் தண்டவாளம், கறுப்பு எப்போதும் நடைபாதைப் பக்கம் என்பது போல ஒரு விதியை வைத்துக்கொண்டு, அமைப்பு முழுவதும் அதை மீறாமல் இருங்கள். தீபகற்பத்தைச் சுற்றிவரும்போது பக்கங்கள் இடம் மாறும். அங்கே ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தில் சிவப்பு நாடா ஒட்டி, பாதை நெடுக உருட்டிச் சென்று குறித்துக்கொள்வது தவறாத வழி.

முதன்மைக் கம்பி ஏன் தடித்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 10 மீட்டர் தொலைவுக்குப் போக வர 20 மீட்டர் கம்பி. 0.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் சுமார் 3.5 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், 2.5 சதுர மி.மீ. கம்பியில் 0.7 வோல்ட்தான் குறையும். எச்.ஓ.வில் எண்முறைக் கட்டுப்பாடான டி.சி.சி. தண்டவாளத்துக்குத் தருவது 15 வோல்ட் அளவுதான் என்பதால், 3.5 வோல்ட் என்பது பெரிய இழப்பு. அதைவிட ஆபத்தானது, மெல்லிய கம்பியின் தடையால் ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் பாதுகாப்புச் சுவிட்ச் அதை உணராமல் போவது. அப்போது மின்சாரம் தடம் புரண்ட எஞ்சினின் சக்கரங்கள் வழியாக ஓடிக்கொண்டே இருந்து, போகியை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, உருக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க நாணயச் சோதனை போதும். இரு தண்டவாளங்களின் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். மின்சாரம் உடனே நிற்க வேண்டும். மீட்டருக்கு ஒருமுறை இப்படிச் செய்துகொண்டே போங்கள். எங்கே நிற்கவில்லையோ, அங்கே இன்னொரு கிளைக் கம்பி வேண்டும்.

சால்டர் செய்யும்போது தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை அரத்தால் சுரண்டி, ரோசின் பசை தடவி, தண்டவாளத்துக்கும் கம்பிக்கும் தனித்தனியே சால்டர் பூசியபின் இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துவிடும். அதைவிட நேரமானால் தண்டவாளத்தின் அடியிலுள்ள பிளாஸ்டிக் கட்டைகள் உருகத் தொடங்கும். இரு பக்கமும் ஈரப்பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. அமிலம் கலந்த பசையைத் தொடவே வேண்டாம், அது நாளடைவில் இணைப்பை அரித்துவிடும். சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

ரயில் சுற்றிவந்து தான் வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும் திருப்பு வளையம் இருந்தால், சிவப்பும் கறுப்பும் அங்கே மோதும். அந்த வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, சிவப்பையும் கறுப்பையும் தானாக இடம் மாற்றித்தரும் தானியங்கி முனைமாற்றி ஒன்றின் மூலம் தனி மின்சாரம் கொடுக்க வேண்டும். வளையப் பகுதி உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்கட்டும். வெட்டிய இடைவெளிகளில் பிளாஸ்டிக் துண்டைச் செருகி ஒட்டுங்கள். வெறுமனே விட்டால் மரம் சுருங்கும் பருவத்தில் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். எல்லாம் நன்றாக இருந்தும் திடீரென்று ஷார்ட் ஆகும் அமைப்புகளில் இதை முதலில் பாருங்கள்.

9. மூடுவதற்கு முன் ஓட்டிப் பார்த்தல்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். பாதை ஓடுகிறது, உடனே மலை கட்டத் தோன்றுகிறது. குறைந்தது மூன்று மாதம் காத்திருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் கடந்தால் இன்னும் நல்லது. அந்த நாட்களில் மிக நீண்ட ரயிலை முன்னும் பின்னும், மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டுங்கள். மிகக் கடுமையான சோதனை, முழு ரயிலையும் பின்னோக்கித் தள்ளுவது. இழுக்கும்போது ஒளிந்திருக்கும் குறைகள் தள்ளும்போது வெளியே வரும்.

தடம் புரளும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஒட்டுத்தாளில் தேதியையும் பெட்டியின் எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். ஒரே இடத்தில் வெவ்வேறு பெட்டிகள் புரண்டால் பாதையில் குறை. வெவ்வேறு இடங்களில் ஒரே பெட்டி புரண்டால், அதன் சக்கர இடைவெளியிலோ எடையிலோ குறை. இந்தத் தாள்கள் இல்லாமல் தேடுபவர்கள் நல்ல தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் முதல் பெரிய அமைப்பில் மறைவு யார்டுக்கு மேலே நான் இரண்டே வாரத்தில் மலையை முடித்துவிட்டேன். ஈரம் குறைந்த மாதங்களில் உள்ளே ஒரு நேர்ப்பாதை புடைத்தது. உள்ளே ஐந்து பெட்டிகள் சாய்ந்து கிடப்பது கைவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. கை மணிக்கட்டு வரைதான் போனது. இரண்டு வார வேலையான அந்த மலைச்சரிவை வாளால் அறுத்துத்தான் அவற்றை எடுத்தேன். அன்றிலிருந்து மறைந்த பாதை எதுவானாலும், கழற்றி எடுக்கக்கூடிய மலைமூடியோ, பக்கவாட்டில் தோள் வரை கை நுழையும் திறப்போ இல்லாமல் கட்டுவதில்லை.

10. நிலக்காட்சி

அட்டைப் பட்டைகளைக் கூடைபோல் பின்னி, பிளாஸ்டர் துணியை நனைத்துப் போர்த்துவது எளிய வழி. ஃபோம் பலகைகளை அடுக்கிச் செதுக்கினால் எடை குறையும். ஆனால் கரைப்பான் கலந்த பசை ஃபோமைத் தின்றுவிடும் என்பதால், முதலில் ஒரு துண்டில் பூசிச் சோதியுங்கள். வேலை தொடங்கும் முன் தண்டவாளத்தின் மேல் நாடா ஒட்டி, பாயிண்டுகளைத் துணியால் மூடுங்கள். பிளாஸ்டர் துகள் கியர்களுக்குள் போனால் எஞ்சினைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

வளைவில் உள்ள சுரங்க வாயிலை ஒட்டுவதற்கு முன், முதலில் வாங்கிய அந்த நீளப் பெட்டியை உருட்டிப் பாருங்கள். நீண்ட பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உட்புறமும், முனைகள் வெளிப்புறமும் தள்ளி நிற்கும். நேர்ப்பாதைக்குப் போதுமான வாயில் அங்கே உரசும். பக்கவாட்டில் ஒரு பென்சிலைக் கட்டிவைத்து உருட்டினால், தேவையான அகலத்தை அதுவே கோடாகப் போட்டுக் காட்டும்.

ஆற்றுக்கு ரெசின் ஊற்றுபவர்கள், படுகையை இரண்டு முறை வண்ணம் பூசி அடைத்து, ஓரங்களையும் அடியையும் தடவிப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். ஊசிமுனைத் துளையும் ரெசினுக்குப் போதும்; விடியும் முன் அது தரைக்கு வந்துவிடும். ஒரே முறையில் ஊற்றாமல், சில மில்லிமீட்டர் அடுக்குகளாக ஊற்றிக் காயவிடுங்கள்.

11. ஜல்லி பரப்புதல்

ஜல்லியைக் கடைசியாகத்தான் பரப்ப வேண்டும், ஏனெனில் அது ஒட்டிய பிறகு தண்டவாளத்தை நகர்த்த முடியாது. தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துரு நிறம் பூசி, மேற்பகுதியை உடனே துடைத்துவிட்டு, உலர்ந்த ஜல்லியைத் தூவி, மென்தூரிகையால் கட்டைகளுக்கு இடையே தள்ளுங்கள். கட்டைகளின் மேல் ஒரு கல்லும் நிற்கக்கூடாது. அவசரமே இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மாலைக்கு ஒரு மீட்டர் போதும்.

முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரை மெல்லிய பனிபோல் தெளித்து, ஜல்லியை முழுவதும் நனைத்துவிடுங்கள். நனையாத ஜல்லியில் விடும் பசை உருண்டு, பள்ளம் உண்டாக்கும். பிறகு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, சொட்டுக்குழாயால் கட்டைகளுக்கு இடையே விட்டுக்கொண்டே வாருங்கள்.

பாயிண்டுகளின் அருகில் முறை வேறு. அசையும் முனையின் அடியில் ஜல்லியே வேண்டாம். அந்த இடத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் போதும், யாரும் கவனிக்க மாட்டார்கள். முனையிலிருந்து சற்றுத் தள்ளி ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டு, பசை காயும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாயிண்டை இரு பக்கமும் மாற்றிக்கொண்டே இருங்கள். மறுநாள் காலையில் தண்டவாளத்தின் மேற்பகுதியை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, முதலில் பழைய எஞ்சின் ஒன்றை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். நறநறவென்று சத்தம் கேட்கும் இடத்தில் சக்கர விளிம்பு ஒரு கல்லை உரசுகிறது. அதைக் குறடால் எடுத்துவிட்டு, முழு ரயிலையும் கோத்து அனுப்பலாம்.